மிக்ஸ் சரிபார்க்கச் சின்ன ஸ்டுடியோ மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு, பாட்காஸ்ட், குறும்படம் என்று ஏதோ ஒரு ஒலி வேலையை வீட்டிலேயே பார்க்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சின்ன மானிட்டர் என்று இங்கே நான் சொல்வது 3 முதல் 5 இன்ச் வூஃபரும் (கீழ் ஒலியை எழுப்பும் கூம்பு ஸ்பீக்கர்) உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் கொண்ட, கைக்கெட்டும் தூரத்தில் மேஜையில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர்களை.

வீட்டில் நல்ல மியூசிக் சிஸ்டம் இருக்கிறது. தனியாக மானிட்டர் எதற்கு?

மியூசிக் சிஸ்டம் கேட்பவரைச் சந்தோஷப்படுத்தவே செய்யப்பட்டது. பேஸைக் கொஞ்சம் தூக்கியிருப்பார்கள், மேலே கொஞ்சம் மினுமினுப்பு சேர்த்திருப்பார்கள். அதில் மிக்ஸ் செய்தால், அதாவது தனித்தனி டிராக்குகளை அளவு பார்த்துக் கலந்தால், ஸ்பீக்கர் தானாகப் போட்டுக்கொடுக்கிற பேஸை நீங்கள் போடாமல் விட்டுவிடுவீர்கள். அதே பாட்டு வேறு இடத்தில் ஒலிக்கும்போது மெலிந்துபோய்க் கிடக்கும். மானிட்டர் இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். முதல் நாள் கேட்கும்போது கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கலாம், அதைக் குறை என்று நினைக்காதீர்கள்.

பெரிய ஸ்பீக்கர் வாங்க வசதி இருந்தால் பெரிதாகவே வாங்கிவிடலாமே?

அறையைப் பொறுத்தது. 3 மீட்டர் நீள அறையில் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதி மோதித் தேங்கி நிற்கும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருகிற எண் அது. 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் வரும் பேஸ் சுவரோரம் குமுறும், அறையின் நடுவில் காணாமல் போகும். 8 இன்ச் வூஃபர் இந்தக் குமுறலைத் தாராளமாகக் கிளப்பிவிடும். 4 இன்ச் வூஃபரால் அந்த அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது என்பதால் அறையும் சும்மா இருக்கும். சின்ன அறையில் சின்ன ஸ்பீக்கரை நான் சிபாரிசு செய்வது சிக்கனத்துக்காக இல்லை. அங்கே அதைத்தான் நம்ப முடியும்.

3 இன்ச், 4 இன்ச், 5 இன்ச்: எதை எடுப்பது?

ஒரே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், எழுப்ப, வூஃபர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 3 இன்ச் கூம்புக்கு அவ்வளவு இடம் கிடையாது. அதனால் 3 இன்ச் மானிட்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆனால் குரல், கிட்டார், வயலின், பியானோவின் நடுப்பகுதி இவற்றையெல்லாம் நல்ல 3 இன்ச் ஸ்பீக்கர் அற்புதமாகக் காட்டும். ஜெனலெக் 8010 அப்படிப்பட்டது, உள்ளங்கையில் தூக்கிவிடலாம்.

இது ஒன்றுதான் உங்களிடம் இருக்கப்போகிற ஒரே ஜோடி என்றால் 5 இன்ச் எடுங்கள். பெரிய ஜோடியோ நல்ல ஹெட்ஃபோனோ ஏற்கெனவே இருந்து, சரிபார்க்க இன்னொன்று வேண்டும் என்றால் 3 அல்லது 4 போதும்.

பேஸ் கேட்காத ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பேஸை எப்படிச் சரிபார்ப்பது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான்.

பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சின்ன மானிட்டரில் அந்த 41 கிட்டத்தட்ட வராது. ஆனால் அதோடு சேர்ந்து 82, 123, 165 என்று மடங்குகளும் ஒலிக்கின்றன. அவை காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்க வேண்டிய 41-ஐ மூளையே நிரப்பிக்கொள்ளும். போனில் பாட்டுக் கேட்கும்போதும் பேஸ் எந்த ஸ்வரத்தில் நகர்கிறது என்று நமக்குப் புரிவது இப்படித்தான். ஆகவே சின்ன மானிட்டரில் கேட்க வேண்டிய கேள்வி: பேஸ் வாசிக்கிற மெட்டைப் பின்தொடர முடிகிறதா? முடியவில்லை என்றால் பேஸ் டிராக்கின் சத்தத்தை ஃபேடரால் தூக்கிப் பயனில்லை. அந்த டிராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) சேர்த்து மடங்குகளை எழுப்புங்கள். காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கும் இதே கதைதான். அடியின் கனம் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும், 'டக்' என்ற முனை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். சின்ன ஸ்பீக்கரில் கிக்கைக் காட்டிக்கொடுப்பது அந்த முனைதான்.

இதைத் தெரிந்துகொள்ளாத காலத்தில் நான் செய்த காரியம் இன்னும் நினைவிருக்கிறது. 4 இன்ச் ஜோடி ஒன்றில் கிக் எடுபடவே இல்லை என்று 60 ஹெர்ட்ஸில் ஈக்யூவை (ஹெர்ட்ஸ் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தூக்கினேன். போதவில்லை, இன்னும் தூக்கினேன். இரவு காரில் போட்டுக் கேட்டபோது கதவுக் கைப்பிடி நடுங்கியது, பாடகியின் குரல் எங்கேயோ அடியில் மூழ்கிக் கிடந்தது. ஸ்பீக்கரில் கேட்காத ஒன்றை ஸ்பீக்கரில் கேட்கும்வரை தூக்கக் கூடாது. அந்தப் பகுதிக்கு, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் அனலைசரையும் ஹெட்ஃபோனையும் பாருங்கள்.

இன்னொன்று, காதோடு கண்ணையும் பயன்படுத்துங்கள். குரல் டிராக்கை மட்டும் தனியாக ஓடவிட்டு வூஃபரின் கூம்பைப் பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கூம்பு மெதுவாக உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறது என்றால், மைக் ஸ்டாண்டு அதிர்வோ மூச்சுக்காற்றோ அடியில் பதிவாகியிருக்கிறது. அடி ஒலியை வெட்டும் லோ கட் ஃபில்டர் போட்டதும் கூம்பு அமைதியாகிவிடும். பெரிய ஸ்பீக்கரில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

விவரக்குறிப்பில் '54 ஹெர்ட்ஸ் முதல்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

அந்த ஹெர்ட்ஸில் சத்தம் எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்று எண்ணுக்குப் பக்கத்தில் பாருங்கள். யமஹா எச்எஸ்5 என்ற 5 இன்ச் மானிட்டருக்கு இரண்டு எண்களும் வெளியிடப்பட்டிருக்கின்றன: மைனஸ் 10 டெசிபெல் கணக்கில் 54 ஹெர்ட்ஸ், மைனஸ் 3 டெசிபெல் கணக்கில் 74 ஹெர்ட்ஸ். ஒரே ஸ்பீக்கர்தான். 54-இல் ஒலி வருகிறது, ஆனால் கேட்பவருக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத்தான் படும். ஜெனலெக் 8010-க்குச் சொல்லப்படுகிற 67 ஹெர்ட்ஸ் மைனஸ் 6 கணக்கு. மூன்று பெட்டிகளில் மூன்று விதமாக அச்சடித்திருந்தால் அந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. டெசிபெல்லே போடாமல் வெறும் ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் அந்த வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் நல்லதா, மூடிய பெட்டி நல்லதா?

ஓட்டை என்பது போர்ட். சின்னப் பெட்டியிலிருந்து கூடுதல் பேஸ் வாங்குகிற வழி. அதற்குக் கொடுக்கிற விலை இரண்டு. போர்ட் ஒத்திசைகிற ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சடாரென்று சரிந்துவிடும், ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம். மூடிய பெட்டியில் அது 12. அடுத்தது, போர்ட் எழுப்புகிற பேஸ் அடித்தவுடன் நிற்காது, கொஞ்சம் இழுத்துத்தான் ஓயும். கிக்கும் பேஸும் எவ்வளவு இறுக்கமாகச் சேர்கின்றன என்று பார்க்கும்போது இது குறுக்கே வரும். சத்தத்தைக் கூட்டினால் சின்னப் போர்ட்டில் காற்று 'புஸ்' என்று சீறுவதையும் கேட்கலாம்.

இன்று கடையில் கிடைக்கிற சின்ன மானிட்டர்களில் பெரும்பாலானவை போர்ட் உள்ளவை. அதனால் ஒதுக்கிவிட வேண்டாம். போர்ட் பின்னால் இருந்தால் சுவரோடு அடைத்து வைக்காதீர்கள், ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

என்எஸ்-10, ஆரடோன் என்று பழைய ஆட்கள் பேசிக்கொள்கிறார்களே?

யமஹா என்எஸ்-10 1978-இல் வீட்டு உபயோகத்துக்கு வந்த ஸ்பீக்கர். வீட்டில் எடுபடவில்லை. ஆனால் வெள்ளைக் கூம்போடு படுத்த நிலையில் மிக்ஸிங் கன்சோலின் மேல் ஏறி உட்கார்ந்து, உலகம் முழுக்க ஸ்டுடியோக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1987-இல் ஸ்டுடியோவுக்கென்றே மாற்றியமைத்த மாடல் வந்தது, 2001-இல் உற்பத்தி நின்றது. மூடிய பெட்டி, பேஸ் குறைவு, நடுப்பகுதி முகத்தில் அறைகிற மாதிரி முன்னால் நிற்கும். குரலில் ஒரு கரகரப்பு இருந்தால் தப்பவே தப்பாது. ட்வீட்டர் (மேல் ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) கூர்மையாகக் குத்துகிறது என்று அதன்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களும் உண்டு.

ஆரடோன் 5சி இன்னும் எளிமை. சதுரப் பெட்டி, உள்ளே ஒரே ஒரு ஸ்பீக்கர், அதனால் ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவர் கிடையாது. டிவியிலும் ரேடியோவிலும் பாட்டு எப்படிக் கேட்கும் என்று பார்க்க அதைப் போட்டுப் பார்ப்பார்கள். இவற்றைத் தேடிப்பிடித்து வாங்கச் சொல்லவில்லை. நடுப்பகுதி நேராக இருந்தால் மிக்ஸ் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை அந்தக் கால ஆட்கள் இவற்றை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள். சின்ன மானிட்டர் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதே இடத்தைத்தான், சுமார் 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை.

ஒரே ஒரு ஸ்பீக்கர் வாங்கி மோனோவில் கேட்டால் பயன் உண்டா?

நிறைய உண்டு. மோனோ என்றால் இடது, வலது ஒலிகளை ஒன்றாகக் கலந்து கேட்பது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் குரல் நிற்பதுபோலத் தோன்றுவது ஒரு மாயைதான். இரண்டின் ஒலியும் இரண்டு காதுக்கும் போகிறது, தூரமான ஸ்பீக்கரின் ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது. அதனால் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குழி விழுகிறது. நேர் எதிரே ஒரே ஸ்பீக்கரை வைத்து மோனோவில் கேட்டால் குழி கிடையாது, குரலின் அளவைச் சரியாகப் பிடித்துவிடலாம். ஸ்டீரியோவில் அகலமாகத் தெரிந்த கீபோர்டு மோனோவில் கரைந்து போனால், இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று அர்த்தம். புது ஸ்பீக்கர் வாங்காமலும் செய்யலாம்: மோனோ பட்டனை அழுத்திவிட்டு ஒரு பக்க மானிட்டரை அணைத்துவிடுங்கள்.

எங்கே, எப்படி வைப்பது?

நீங்கள் செலவழித்த காசில் பாதி இங்கேதான் கரைகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணம். மேஜையில் என்றால் பக்கத்துக்கு 80 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை வசதி. ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரை அப்படியே மேஜையில் வைத்தால் ட்வீட்டர் உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஸ்டாண்டு போட்டு உயர்த்துங்கள். அது முடியாவிட்டால் அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

அடுத்து மேஜை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மேஜைப் பலகையில் பட்டுத் தெறித்து, நேராக வந்ததோடு கலந்து குழப்பும். எங்கே தெறிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை மேஜையில் படுக்கவைத்து நகர்த்துங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடிக்குள் தெரிகிறதோ அதுதான் தெறிக்கிற இடம். ஸ்பீக்கரை மேஜை விளிம்புக்கு முன்னால் கொண்டுவந்தால், அல்லது மேஜைக்குப் பின்னால் தனி ஸ்டாண்டில் உயரமாக வைத்தால் அந்தப் புள்ளி பலகையை விட்டே வெளியே போய்விடும். பக்கச் சுவரிலும் இதையே செய்யுங்கள், ஒருவர் கண்ணாடியைப் பிடித்து நகர்த்த வேண்டும். ட்வீட்டர் தெரிகிற இடத்தில் 10 செ.மீ. கனத்தில் கண்ணாடி இழையோ ராக்வூலோ அடைத்த பேனல் வைத்தால் நல்லது. ஒரு இன்ச் ஸ்பாஞ்ச் மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும்.

பின்சுவர் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் முகத்துக்கும் அதன் பின்னாலுள்ள சுவருக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 86-ஐ அதால் வகுங்கள். வருகிற ஹெர்ட்ஸில் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி நேர் ஒலியை வெட்டும். அரை மீட்டர் என்றால் 172 ஹெர்ட்ஸ், ஆண் குரலின் கனம் இருக்கிற இடம். ஒரு மீட்டர் என்றால் 86. சின்ன அறையில் தள்ளி வைக்க இடமில்லை என்றால் சுவருக்கு நன்றாக நெருக்கமாக வைத்துவிடுவதே மேல், பின்னால் போர்ட் இருந்தால் அந்த ஒரு சாணை மட்டும் விட்டு. அப்போது பேஸ் பெருகும், அதைப் பின்னால் உள்ள ஸ்விட்சால் குறைத்துக்கொள்ளலாம். எச்எஸ்5-இல் அந்த ஸ்விட்ச் ரூம் கன்ட்ரோல் என்ற பெயரில் 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கும். ஜெனலெக் 8010-இல் மேஜைமேல் வைக்கிறவர்களுக்கென்றே 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபெல் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கிறது. பெருகுவதைக் குறைக்கலாம், ஆனால் வெட்டுப்பட்டுக் குழி விழுந்த இடத்தை ஈக்யூ போட்டு நிரப்ப முடியாது.

எவ்வளவு வாட் தேவை?

ஒரு மீட்டர் தூரத்துக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான்.

எவ்வளவு சத்தத்தில் வேலை செய்ய வேண்டும்?

சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை விட்டுவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம் இது. அதனால் சத்தத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பேஸைப் பற்றிய உங்கள் முடிவும் மாறிக்கொண்டே இருக்கும். சின்ன அறைக்கு 73 முதல் 76 டெசிபெல் வரை ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து, வால்யூம் குமிழில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும்.

நடுநடுவே, பக்கத்து அறையில் பேசுவது கேட்கிற அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். கடைசியாக மறைவது எது என்று கவனியுங்கள். பெரும்பாலான பாட்டில் அது குரலாக இருக்க வேண்டும். 'மழை' என்று பாடுவது அந்தச் சத்தத்திலும் 'மலை' ஆகிவிடாமல் கேட்டால் குரலின் அளவு சரி என்று எடுத்துக்கொள்வேன்.

பாட்டு ஓடாதபோது 'ஸ்ஸ்' என்று இரைகிறது. பழுதா?

ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் லேசாகக் கேட்கத்தான் செய்யும். சில மாடல்களில் எரிச்சலூட்டும் அளவுக்கு இருக்கும். அமைதியான இடத்தில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள், இரைச்சலான கடையில் இது தெரியாது. 'ம்ம்' என்ற ஹம்மோ, மவுஸை நகர்த்தும்போது 'கிர்ர்' என்ற சத்தமோ வந்தால் அது ஸ்பீக்கரின் தப்பாக இருக்காது, இணைப்பின் தப்பு. கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே எடுக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கர் வரை பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலை அழித்துவிடும் வகை) போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஐலவுட் மைக்ரோ மானிட்டர் போன்ற சிலவற்றில் பேலன்ஸ்டு இன்புட் கிடையாது, வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மின்சாரம் மிச்சப்படுத்த, சிக்னல் இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும் மாடல்களும் இருக்கின்றன. மெல்லிய ஒலியோடு தொடங்கும் பாட்டில் முதல் சில நொடிகளை அவை விழுங்கிவிடும். தூக்கத்தை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

புளூடூத்தில் இணைத்து மிக்ஸ் செய்யலாமா?

வேண்டாம். ஒலி சுருக்கப்பட்டு வரும், தாமதமாகவும் வரும். முடிந்த மிக்ஸை போனிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க மட்டும் சரி.

ஹெட்ஃபோன் மட்டும் போதாதா?

அறையே குறுக்கிடாது என்பதால் அடி பேஸுக்கும், எடிட் செய்த இடத்தில் வரும் 'டிக்' சத்தத்துக்கும் ஹெட்ஃபோன் மிக நல்லது. ஆனால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்குப் போவதில்லை. அதனால் எல்லாமே அகலமாகத் தெரியும், குரலுக்குச் சேர்த்த எதிரொலியான ரிவர்பும் வெளிப்படையாகக் கேட்கும். போதும் என்று நினைத்து வைத்த ரிவர்ப் ஸ்பீக்கரில் வறண்டுபோய்விடும். சின்ன மானிட்டரும் ஹெட்ஃபோனும் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கிற ஜோடி.

சப்வூஃபர் சேர்க்கலாமா?

சுவர்களுக்குப் பேனல் எதுவும் இல்லாத சின்ன அறையில் சேர்க்காதீர்கள். பெரிய ஸ்பீக்கரைத் தவிர்த்த காரணமே திரும்ப வந்துவிடும்.

கடையில் எப்படிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது?

வரிசையாக நாலு மாடலை ஓடவிட்டு 'எது நன்றாக இருக்கிறது' என்று கேட்டால், சத்தம் கூடுதலாக இருப்பதுதான் ஜெயிக்கும். ஒரு டெசிபெல் வித்தியாசம் போதும், காது ஏமாந்துவிடும். ஆகவே முதலில் சத்தத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய மூன்று பாட்டு, சுருக்கப்படாத கோப்பாக. நீங்களே செய்த ஒரு மிக்ஸ், அதில் என்ன குறை என்று உங்களுக்கே தெரிந்ததாக இருக்கட்டும். அப்புறம் உங்கள் வீட்டு மனிதர் ஒருவர் பேசிய பதிவு. இந்தக் கடைசியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தினமும் கேட்கிற குரலை ஏமாற்றுவது கடினம். 300 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கிய ஸ்பீக்கரில் அவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருக்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் மூக்கால் பேசுவார். ச, ஸ, ஷ வரும் இடமெல்லாம் ஊசி குத்தினால் மேல்பகுதி அதிகம்.

பிறகு தலையை இடமும் வலமும் ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். ஒலியின் நிறமே மாறினால் அந்த ஸ்பீக்கர் உங்களை நாற்காலியில் கட்டிப்போட்டுவிடும். உங்கள் பழைய மிக்ஸின் குறை கேட்டவுடனே காதில் உறுத்துகிறதா என்று பாருங்கள். அதை மறைத்து இனிமையாக்கித் தருகிற ஜோடியை வைத்துவிட்டு வாருங்கள்.

அறையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் ஸ்பீக்கர் வாங்கினால் இந்தக் கஷ்டம் இல்லையே?

மைக் வைத்து அளந்து, ஸ்பீக்கருக்குள் இருக்கும் டிஎஸ்பியால் (ஒலியை டிஜிட்டலாக மாற்றியமைக்கும் சிப்) திருத்துவது உண்மையிலேயே பயன் தரும், முக்கியமாகப் பெருகி நிற்கிற பேஸைக் குறைப்பதில். ஆனால் குழியையும், சுவரில் நெடுநேரம் சுற்றுகிற ஒலியையும் அது தீர்க்காது. இடத்தைச் சரிசெய்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் திருத்தத்தைப் போடுங்கள்.

ஒருவர் பயன்படுத்தியதை வாங்கலாமா?

தாராளமாக, சோதித்துவிட்டு. கூம்பைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ கூடாது. 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸைன் ஒலியை இரண்டிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். ஏதாவது ஒரு சுருதியில் 'ட்ர்ர்' என்று பெட்டி அதிர்ந்தால் வேண்டாம். இறுதியாக ஒரே பாட்டை மோனோவில் ஓட்டி நடுவில் உட்காருங்கள். குரல் சரியாக நடுவில், ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பாடப்பாட அங்குமிங்கும் நகர்ந்தாலோ இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று களைத்துவிட்டது. இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.